ஒன்பதாவது பாட்டில்

ஊரில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தராசு என்றால்தான் தெரியும். ஊருக்கு வெளியே கழிவுக் கிடங்கு திறந்தபோது அவளுக்கு இருபது வயது. வாசலில் இருந்த எடைமேடைக் கூண்டுக்குள் போய் உட்கார்ந்தவள், பதின்மூன்று வருடம் உள்ளே வந்த ஒவ்வொரு லாரியையும் ஏற்றி நிறுத்தி எடை எழுதினாள். அந்தப் பழக்கத்தில் ஆளைப் பார்த்தே கிலோ சொல்லிவிடுவாள். முதன்முதலாக அவளைப் பார்க்க வந்த பள்ளிக்கூட வேன் டிரைவரிடம், "அறுபத்திரண்டு இருப்பீங்க. பர்ஸ எடுத்து வெளியில வச்சாலும் அதே அறுபத்திரண்டுதான்" என்றாளாம். அந்த மனுஷன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு அவளையே கட்டிக்கொண்டார்.

அது வீட்டுக் குப்பை கொட்டுகிற கிடங்கு இல்லை. தொழிற்சாலைகள் தங்கள் ஊரில் வைத்துக்கொள்ள விரும்பாததெல்லாம் அங்கே வந்தது. பெயின்ட் சேறு, உடைந்த பேட்டரி, எந்திரத்தின் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவிய கரைப்பான் என்று டிரம் டிரம்மாக வந்து இறங்கியது. பெரிய பள்ளம் வெட்டி, அடியில் கறுப்பு பிளாஸ்டிக் விரித்து, அதன் மேல் அடுக்கினார்கள். விரிப்பு நூறு வருடம் தாங்கும் என்று கூட்டம் போட்டுச் சொன்னார்கள். பள்ளம் நிறைந்ததும் களிமண்ணால் மூடி, புல் விதைத்து, கம்பி வேலி போட்டுவிட்டுக் கம்பெனி கிளம்பியது. இப்போது அது பச்சைப் பசேலென்று ஒரு குன்று. வழியில் போகிறவர்கள் காரை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அடியில் இருப்பது படத்தில் விழாது.

மூடிய பிறகு வேலையில் மிஞ்சியவள் தராசு ஒருத்திதான். புல் வெட்ட வேண்டும், வேலியைப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமான வேலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும். மேட்டைச் சுற்றி எட்டு இடத்தில் பூமிக்குள் குழாய் இறக்கியிருந்தார்கள். உள்ளே இருப்பது நிலத்தடி நீருக்குக் கசிகிறதா என்று பார்ப்பதற்காக, எட்டுக் குழாயிலிருந்தும் எட்டுப் பாட்டில் தண்ணீர் பிடித்து நகரத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

அந்த வேலையில் அவளை யாரும் குறை சொல்ல முடியாது. குழாயில் தேங்கி நிற்கிற தண்ணீர் பழசு, அது உண்மை பேசாது. மூன்று குழாய் அளவு இறைத்துக் கொட்டிய பிறகே புதுத் தண்ணீர் வரும். ஒரு குழாய்க்கு ஒரு மணி நேரம் ஆகும். வெயிலோ மழையோ, அவள் ஒரு குழாயிலும் கைப்பம்பை இரண்டோடு நிறுத்தியதில்லை. பிடித்த பாட்டிலில் ஒரு குமிழிகூட இல்லாமல் மூடி, தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்து, ஐஸ் பெட்டியில் வைப்பாள்.

எட்டோடு ஒன்பதாவதாக ஒரு பாட்டில் உண்டு. அதற்கு வெற்று மாதிரி என்று பெயர். எந்தக் கலப்பும் இல்லாத சுத்தத் தண்ணீரை அதில் ஊற்றி, மற்ற எட்டோடு சேர்த்து அனுப்ப வேண்டும். அந்தப் பாட்டிலில் ஒன்றும் இல்லை என்று வந்தால், எடுத்த கையும் பாட்டிலும் பெட்டியும் சுத்தம் என்று அர்த்தம். மற்ற எட்டின் முடிவையும் நம்பலாம். அதிலேயே ஏதாவது இருந்தால், வழியில் அழுக்கு கலந்துவிட்டது, எட்டும் செல்லாது.

முதல் இரண்டு வருடம் ஆய்வகத்து வண்டியில் சீல் வைத்த கேன் ஒன்று வரும், காய்ச்சி வடித்த தண்ணீர். மூன்றாம் வருடம் கேன் வரவில்லை. அவள் கம்பெனி சூப்பர்வைசருக்குப் போன் போட்டாள்.

"சார், ஒம்பதாவது பாட்டிலுக்குத் தண்ணி வரலையே?"

"ஒரு பாட்டில் தண்ணிக்கு எதுக்கும்மா தனியா கேன்? வீட்டுல இருந்து ஊத்திக்கிட்டு வா. எல்லாம் தண்ணிதானே."

"படிவத்துல சீல் வச்ச தண்ணின்னு அச்சடிச்சிருக்கே சார்."

"அது பழைய படிவம். நீ கையெழுத்தப் போட்டு அனுப்பு. என்னமோ நாட்டுக்கே சட்டம் எழுதறவ மாதிரி பேசாத."

அவள் வீட்டுக் கிணற்றிலிருந்து ஊற்றினாள். அதில் அவளுக்கு ஒரு பெருமையும் இருந்தது. அப்பா கையால் வெட்டிய கிணறு. மேட்டிலிருந்து அரை மணி நடை தூரம். அவள் வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் நடுவில், இரண்டு வீட்டுக்கும் பொதுவாக இருந்தது. அடுத்த தெருவிலிருந்து குடத்தோடு வருவார்கள். உலகத்தில் சுத்தமான தண்ணீர் எது என்று அவளைக் கேட்டால் யோசிக்காமல் அந்தக் கிணற்றைத்தான் காட்டியிருப்பாள். சொல்லப்போனால், கடைத் தண்ணீரை அவள் தண்ணீர் என்றே ஒத்துக்கொண்டதில்லை.

அடுத்த ஆறாம் மாதம் ஒரு கடிதம் வந்தது. மாதிரி எடுப்பவரின் சுகாதாரக் குறைபாட்டால் முடிவுகள் ஏற்கப்படவில்லை என்று நாலு வரி.

"உன் கை சுத்தமில்லம்மா" என்றார் சூப்பர்வைசர்.

ஒரு பெண்ணை இதைவிட மட்டமாக யாராவது பேச முடியுமா? அவள் நகத்தை ஒட்ட வெட்டினாள். வளையலைக் கழற்றி வைத்தாள். முகத்துக்குப் பவுடர் போடுவதையும் தலைக்கு எண்ணெய் வைப்பதையும் மாதிரி எடுக்கிற வாரம் முழுக்க நிறுத்தினாள். சோப்பை மாற்றினாள், கையுறையை மாற்றினாள். கடிதம் மறுபடியும் வந்தது. பழி வேன்காரர் தலையில் விழுந்தது.

"உங்க டீசல் நாத்தம்தான் பாட்டில்ல ஏறுது. இன்னிக்கு ராத்திரி கூடத்துல படுங்க."

"ஏம்மா, டீசல் எனக்கு, பாட்டில் பெட்டிக்குள்ள. ரெண்டு பேருக்கும் நடுவுல நீதானே படுத்திருக்க?"

"அதுக்குத்தான் சொல்றேன், கூடத்துக்குப் போங்க."

போனார். வருடத்துக்கு நான்கு முறை அந்த மனுஷன் கூடத்தில் படுத்தார். அவள் விடியற்காலையில் எழுந்து, முழங்கை வரை நுரை போட்டுத் தேய்த்து, பாட்டில்களின் வெளிப்புறத்தை ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு போவாள். எல்லாவற்றையும் அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் கழுவினாள். ஆறு வருடத்தில் இருபத்து நான்கு தடவை பாட்டில் அனுப்பினாள்.

இந்த ஆறு வருடத்தில்தான் அக்காவின் உடம்பும் கெட்டது. முதலில் இடுப்பு வலி. சிறுநீரகத்தில் கல் என்று ஒரு ஆபரேஷன் செய்து அனுப்பினார்கள். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், ஒரு நாளைக்கு நாலு லிட்டர் என்றார் டாக்டர். அக்காவுக்குச் சோம்பல். தராசுதான் காலையில் நாலு பாட்டில் நிரப்பி அக்கா கட்டிலருகே வரிசையாக வைத்துவிட்டு வேலைக்குப் போவாள். சாயந்திரம் வந்து பார்ப்பாள். மிச்சம் இருந்தால் திட்டுவாள்.

"இன்னும் அரை பாட்டில் அப்படியே நிக்குது. யாருக்கு வச்சிருக்க?"

"வயிறா இது, தொட்டியா? போடி."

"குடிச்சாத்தான் நான் எந்திரிப்பேன்."

அக்கா முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிப்பாள். தங்கை பக்கத்தில் உட்கார்ந்து கடைசிச் சொட்டு வரை பார்ப்பாள்.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டன. இப்போது வாரம் இரண்டு நாள் மெஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருகிறாள். இப்போது அவள் ஒரு நாளைக்கு இரண்டு டம்ளருக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது.

போன மாதம் சூப்பர்வைசர் கூண்டு வாசலில் காரை நிறுத்தி, நாற்பது தடித்த புத்தகங்களை இறக்கினார். கம்பெனி ஒரு விண்ணப்பம் போட்டிருந்தது. எட்டு வருடமாகக் கசிவுக்கு ஏற்கத்தக்க ஆதாரம் எதுவும் இல்லை, ஆகவே பராமரிப்புப் பொறுப்பிலிருந்து எங்களை விடுவியுங்கள் என்று. அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டால் எட்டுக் குழாயிலும் சிமென்ட் ஊற்றி மூடிவிடுவார்கள். அப்புறம் அந்தத் தண்ணீரைச் சோதிக்க யாருக்கும் கடமை கிடையாது. அதிகாரி நடத்தும் விசாரணைக்கு முன்னால் இந்த அறிக்கைப் புத்தகத்தை வீடு வீடாகக் கொடுக்க வேண்டும் என்பது விதி.

"கொடுத்துட்டு கையெழுத்து வாங்கிடும்மா. எவனும் படிக்கப் போறதில்ல. கதவுக்கு முட்டுக் கொடுக்க ஆகும்" என்று சிரித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "இந்த ஃபைல் முடிஞ்சதும் மேட்டு மேல சோலார் தகடு வருது. காவலுக்கு உன்னத்தான் சொல்லி வச்சிருக்கேன். இந்த அழுக்குத் தண்ணி வேலை இனிமே கிடையாது" என்றார்.

அவருக்கு ஒன்று தெரியவில்லை. பதின்மூன்று வருடம் எண்களை எழுதியவளுக்கு எண் இருக்கிற பக்கத்தைத் திறந்தால் மூட முடியாது. கார் திரும்புவதற்குள் அவள் கடைசிப் பக்கங்களுக்குப் போய்விட்டாள். கடைசி ஆறு வருடத்து அட்டவணை இருந்தது. எட்டுக் குழாய்க்கும் எட்டு வரிசை, எல்லாவற்றின் மேலும் 'செல்லாது' என்று முத்திரை. ஒன்பதாவது வரிசையில் வெற்று மாதிரி. கரைப்பானின் பெயர் நீளமாக இருந்தது. அளவு மட்டும் அவளுக்குப் புரிந்தது. ஐந்துக்கு மேல் இருந்தால் குடிக்கக் கூடாது என்று அடியில் பொடி எழுத்து. மூன்று, நாலு, நாலு, ஆறு, ஏழு, ஒன்பது, ஒன்பது. அப்புறம் ஒரு பூஜ்யம். அப்புறம் பதினொன்று, பதினான்கு என்று ஏறிக்கொண்டே போய் கடைசியில் நாற்பத்து மூன்று.

அழுக்குக் கை இப்படியா ஒழுங்காக ஏறும்?

எடைமேடையில் காலையில் செய்கிற முதல் வேலை, ஒன்றும் ஏற்றாமல் எண்ணைப் பார்ப்பது. பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் எந்திரத்தைத் திட்டக் கூடாது, முதலில் இறங்கிப் போய் மேடையைப் பார்க்க வேண்டும். ஒரு நாள் பதினெட்டு கிலோ காட்டியது. போய்ப் பார்த்தால் மூலையில் ஒரு நாய் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. காலி மேடை காலி இல்லை என்றால் அதன் மேல் எதுவோ உட்கார்ந்திருக்கிறது.

அந்த ஒரே ஒரு பூஜ்யத்தின் தேதியைப் பார்த்தாள். நாலு வருடத்துக்கு முந்தைய கோடை. கல் ஆபரேஷன் முடிந்து அக்கா வீட்டுக்கு வந்த வாரம். அந்த வாரம்தான் கிணற்று மோட்டார் எரிந்தது. பத்து நாள் கடையிலிருந்து கேன் வாங்கிக் குடித்தார்கள். ஒன்பதாவது பாட்டிலிலும் வேறு வழியில்லாமல், முணுமுணுத்துக்கொண்டே, அந்தக் கடைத் தண்ணீரைத்தான் ஊற்றினாள்.

கூண்டுக்கு வெளியே போய் வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

உள்ளே வந்து அந்த வரிசையை மறுபடியும் பார்த்தாள். கடைத் தண்ணீர் ஊற்றிய அந்தத் தடவை மட்டும் எட்டுக் குழாயின் முடிவும் செல்லும். மூன்று குழாயில் நூற்றுக்கு மேல் இருந்தது. அதற்குப் பக்கத்தில் கம்பெனி ஒரு குறிப்பு எழுதியிருந்தது. ஒரே ஒரு முறை மட்டும் தென்பட்டதால் கைப்பிழையாகக் கருதி விலக்கப்படுகிறது. இருபத்து மூன்று முறை அவள் கை அசுத்தம் என்று தள்ளினார்கள். சுத்தமாக வந்த ஒரு முறையையும் அவள் கைப்பிழை என்று தள்ளினார்கள். மேட்டுக்குள் இருக்கிற அதே சரக்கு ஒரு பெண்ணின் கைக்கு எங்கிருந்து வந்தது என்று, இத்தனை படித்தவர்களில் ஒருத்தருக்குக்கூடக் கேட்கத் தோன்றவில்லை.

அக்காவிடம் முதலில் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருந்துவிடலாமா என்றும் வழி முழுக்க நினைத்துக்கொண்டே போனாள். அக்கா கட்டிலில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தங்கை நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கேன் நின்றது, கிணற்றுத் தண்ணீர் ஊற்றியது, நாற்பத்து மூன்று.

கத்தி நின்றது.

"ஆறு வருஷமா நம்ம வீட்டுத் தண்ணிய சோதனைக்கு அனுப்பியிருக்க."

"தெரியாதுக்கா. அது நம்ம தண்ணின்னு அவங்களுக்குத் தெரியாது. அதுல இது இருக்குன்னு எனக்குத் தெரியாது. என் கைதான் அழுக்குன்னு..."

"நாலு பாட்டில் நிரப்பி வச்சியேடி. குடிச்சாத்தான் எந்திரிப்பேன்னு உட்கார்ந்தியே."

"அக்கா..."

"வாய மூடு. என்னைக்காவது ஒரு நாள் அவங்ககிட்ட என்ன எண்ணுன்னு கேட்டியா? லாரிக்கு எத்தனை கிலோன்னு கேப்ப. எதிர்ல வர்ற மனுஷன் எத்தனை கிலோன்னு சொல்லுவ. உன் பாட்டில்ல என்ன இருந்துச்சுன்னு மட்டும் கேக்கல. கை அழுக்குன்னு எவனோ சொன்னான், சோப்பு வாங்கக் கடைக்குப் போயிட்ட."

தராசு கேட்கவில்லைதான். கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம், உண்மையிலேயே தன் கை அழுக்கோ என்ற வெட்கம் ஒரு பக்கம். இரண்டையும் மென்று விழுங்கிக்கொண்டு ஆறு வருடம் ஓட்டிவிட்டாள்.

"போ. என் கண்ணு முன்னால நிக்காத" என்றாள் அக்கா. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த பின்கதவு சாத்தியே கிடந்தது. வேன்காரர் மட்டும் அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தார். அக்காவிடமிருந்து ஒரு வார்த்தை கொண்டு வர மாட்டாரா என்று தராசு அவர் முகத்தைப் பார்ப்பாள். "இன்னிக்கும் உன்னப் பத்தி ஒண்ணும் கேக்கல. என் ஓட்டத்த மட்டும் குறை சொல்லிச்சு" என்பார்.

இரண்டு வீட்டிலும் கிணற்றை நிறுத்திவிட்டார்கள். அக்கம்பக்கத்துக்கும் அவளே போய்ச் சொன்னாள். பாதிப் பேர் நம்பவில்லை. "இத்தனை வருஷம் குடிச்சோம், கல்லு மாதிரி இருக்கோம். உங்க அக்காவுக்கு வந்தா ஊருக்கே வந்துடுமா?" என்றார் ஒருவர். பக்கத்தில் நின்ற அவர் மனைவி கையிலிருந்த குடத்தைச் சாய்த்துக் கொட்டினாள்.

பேச்சு சூப்பர்வைசர் காதுக்குப் போக இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் கூண்டுக்குள் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன தராசு, ஊரக் கலக்கிட்டு இருக்கியாமே."

"தண்ணியில இருக்கறதச் சொன்னேன் சார்."

"எந்தத் தண்ணியில? அந்தப் பாட்டில்ல இருந்தது சீல் வச்ச தண்ணி. இருபத்து நாலு படிவத்துல நீயே எழுதிக் கொடுத்திருக்க. உன் கையெழுத்து. இல்ல, அது கிணத்துத் தண்ணின்னு நீ சொன்னா என்ன அர்த்தம்? அரசாங்கத்துக்குப் போற ஆவணத்துல ஆறு வருஷமா பொய் எழுதியிருக்கன்னு அர்த்தம். அதுக்கு என்ன தண்டனை தெரியுமா?"

"வீட்டுல இருந்து ஊத்துன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"நானா? எப்போ? எழுத்துல இருக்கா?" அவர் எழுந்து அவள் தோளில் தட்டினார், பெரிய மனது பண்ணுகிற மாதிரி. "காவல் வேலை பத்திரமா இருக்கு. விசாரணைக்கு வா, பின்வரிசையில உட்காரு, முடிஞ்சதும் எழுந்து போ. நாலு பேர் முன்னால உன்ன நீயே அசிங்கப்படுத்திக்காத."

அவர் போன பிறகு அவள் தோளை ஈரத் துணியால் துடைத்தாள். பயமாகத்தான் இருந்தது. ஜெயில் என்ற சொல் அவள் வீட்டுப் பக்கம் வந்ததே இல்லை. பேசாவிட்டால் வேலை உண்டு, வழக்கு கிடையாது. குழாய்களில் சிமென்ட் விழும், இரண்டு தெரு ஜனம் அதே தண்ணீரைக் குடிக்கும். பேசினால் அவள் வாயாலேயே அவள் ஒரு பொய்க்காரி. இப்படி ஒரு கணக்கை அவள் முன்னால் கொண்டுவந்து வைத்தவனை, ஒரே ஒரு நாள் எடைமேடையில் நிறுத்தி அதன் மேல் பத்து டன் லாரியை ஏற்ற வேண்டும் என்று தோன்றியது.

விசாரணை நகரத்து அலுவலகத்தில் முதல் மாடிக் கூடத்தில் நடந்தது. அதிகாரி ஒரு பெண். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு ஃபைலைப் புரட்டினார். கம்பெனி வக்கீல் அரை மணி நேரம் பேசினார். ஊரிலிருந்து பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். கடைசி வரிசையில் தராசும், பக்கத்தில் வேன்காரரும். அக்கா இரண்டு வரிசை முன்னால் தனியாக வந்து உட்கார்ந்திருந்தாள், திரும்பியே பார்க்கவில்லை.

"வேற யாராவது சொல்லணுமா?" என்று அதிகாரி கேட்டார்.

தராசு எழுந்தாள்.

"மேடம், வெற்று மாதிரின்னு போட்டிருக்கற தண்ணி சீல் வச்ச தண்ணி இல்ல. எங்க வீட்டுக் கிணத்துத் தண்ணி. நான்தான் ஊத்தினேன். படிவத்துல பொய்யா கையெழுத்துப் போட்டதும் நான்தான்."

வக்கீல் அவசரமே இல்லாமல் எழுந்தார்.

"அப்ப நீங்க ஆறு வருஷமா அரசாங்கத்த ஏமாத்தியிருக்கீங்க."

"ஆமா."

"ஏமாத்தினவங்க பேச்ச இன்னிக்கு மட்டும் எதுக்கு நம்பணும்?"

"நம்பாதீங்க. நான் பொய்யின்னே வச்சுக்கங்க. இந்த சார் கம்பெனி ஆறு வருஷமா சீல் வச்ச கேன் வாங்கி எனக்குக் குடுத்திருந்தா அதுக்கு பில் இருக்கும் இல்ல? அத எடுத்து மேடம் முன்னால வைக்கச் சொல்லுங்க. ஒரு பில். ஒண்ணே ஒண்ணு. நான் இப்பவே ஜெயிலுக்குப் போறேன்."

அதிகாரி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு சூப்பர்வைசரைப் பார்த்தார். அவர் ஃபைலுக்குள் தேடினார். இல்லாததை எவ்வளவு நேரம் தேட முடியுமோ அவ்வளவு நேரம் தேடினார்.

"தலைமை அலுவலகத்துல இருக்கும் மேடம்."

"இருபத்து நாலு தடவை என் கை அழுக்குன்னு எழுதினீங்க" என்றாள் தராசு. இப்போது கத்தினாள். "என் கைய ஒரு தடவை பார்த்தீங்களா? அழுக்கு எங்க இருந்து வருதுன்னு ஒருத்தனாவது எங்க ஊருக்கு வந்து பார்த்தானா? என் கிணத்துல போய் எடுங்க. நான் எடுக்கல, என் கை படல. நீங்களே எடுங்க."

"மன்னிக்கணும்" என்றார் வக்கீல். "இன்னிக்கு விசாரணை எட்டுக் கண்காணிப்புக் குழாயப் பத்தி மட்டும்தான். தனியார் கிணறு எதுவும் பட்டியல்ல இல்ல."

இரண்டு வரிசை முன்னால் ஒரு நாற்காலி தரையில் உரசியது. அக்கா எழுந்து நின்றாள். சேலை முந்தானையை விலக்கி, மெஷின் ஊசி குத்திக் குத்தி முண்டும் முடிச்சுமாகப் புடைத்திருந்த கையை நீட்டினாள்.

"இது பட்டியல்ல இருக்கா சார்?"

வக்கீல் ஃபைலைப் பார்த்தார்.

"அங்க பார்க்காதீங்க, அதுல இல்ல. இங்க பாருங்க. நாலு லிட்டர், தினமும். நீங்க செல்லாதுன்னு முத்திரை குத்தினீங்களே, அத நான் குடிச்சேன்."

"இந்தத் தண்ணியாலதான் உங்களுக்கு வந்ததுன்னு மருத்துவ ஆதாரம் இருக்காம்மா?" என்று வக்கீல் மெல்லக் கேட்டார்.

"இல்ல. அத நீங்கதானே ஆறு வருஷமா குப்பையில போட்டீங்க?"

அதிகாரி அன்றைக்குக் கையெழுத்துப் போடவில்லை. விண்ணப்பத்தை நிறுத்தி வைப்பதாகவும், மேட்டிலிருந்து ஊர் வரை எல்லா வீட்டுக் கிணற்றிலும் அலுவலகமே நேரடியாக மாதிரி எடுக்கும் என்றும் எழுதினார். அன்று சாயந்திரமே தராசுக்குப் போன் வந்தது. வேலை இல்லை, சாவியைக் கூண்டில் வைத்துவிட்டுப் போ. மறுநாள் கம்பெனி அவள் மேல் பொய் ஆவணப் புகார் கொடுத்தது. சூப்பர்வைசர் மேல் யாரும் எந்தப் புகாரும் கொடுக்கவில்லை. கேன் பில் தலைமை அலுவலகத்திலிருந்து இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.

முடிவுகள் மூன்று வாரத்தில் வந்தன. அவர்கள் கிணறு நாற்பத்து நாலு. இரண்டு தெருவில் பதினேழு கிணற்றில் ஐந்துக்கு மேல். கல்லு மாதிரி இருந்தவர் வீட்டில் இருபத்தாறு. கிணறுகளைப் பூட்டினார்கள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் டேங்கர் வருகிறது. கசிவின் காரணம் ஆராயப்படும் என்று செய்தித்தாளில் கம்பெனி சொல்லியிருந்தது. ஆராயட்டும். அடியில் விரித்த பிளாஸ்டிக்கின் நூறு வருடத்தில் இன்னும் எண்பது பாக்கி இருக்கிறதே.

டேங்கர் வந்த முதல் நாள் தராசு தன் குடங்களை நிரப்பிவிட்டு, அக்காவின் இரண்டு குடங்களையும் நிரப்பிக் கொண்டுபோய் அவள் வீட்டு வாசலில் இறக்கினாள். திரும்பும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது. இத்தனை நாள் கழித்து முதல் முறையாக.

"உன்ன மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத."

"நெனக்கல."

"நெனக்காத. ராத்திரி நாக்கு வறண்டு எந்திரிக்கும்போதெல்லாம் உன் மூஞ்சிதான் ஞாபகம் வருது. ஆத்திரம் ஆத்திரமா வருது."

"வரட்டும். எனக்கும் என் மேல வருது."

அக்கா வாசலுக்கு வந்து குடத்தைத் தொட்டாள், தூக்கவில்லை.

"கோர்ட்டுக்கு என்னிக்குக் கூப்பிட்டிருக்கான்?"

"பதினாலாம் தேதி. பத்தரைக்கு."

"அன்னிக்கு எனக்கு மெஷின் நாள்."

"தெரியும்க்கா. நான் பார்த்துக்கறேன்."

"நீ என்னத்தப் பார்த்துப்ப? அந்தக் கோட்டுக்காரன் ரெண்டு கேள்வி கேட்டா எல்லாத்துக்கும் ஆமா ஆமான்னு தலையாட்டுவ. முதல் நாளே மெஷின முடிச்சுக்கறேன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டேன். உன் புருஷன்கிட்ட வேன ஒம்பது மணிக்கே வாசல்ல நிறுத்தச் சொல்லு." குடத்தைக் காலால் உள்ளே நகர்த்தினாள். "அந்த சூப்பர்வைசர் வருவான் இல்ல?"

"சாட்சி சொல்ல வருவான்."

"வரட்டும்" என்றாள் அக்கா. "அவன் பக்கத்து நாற்காலிய எனக்குப் பிடிச்சு வை."